நீ பேசாமல் இருக்கும் மூன்று மணி நேரம்

கெசியா கண்ணு,

நீ உள்ளே போய்விட்டாய், கேட்டைச் சாத்திவிட்டார்கள். எதிரில் இருக்கும் பேக்கரி வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரு டீயை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை முடியும்வரை உட்கார்ந்திருந்தால் கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று வேண்டாத ஒரு தேங்காய் பன்னும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிப் பார்க்கலாம் என்றால் எனக்கு வார்த்தை வராது. அது உனக்கே தெரியும். பேனா கையில் இருந்தால் கொஞ்சம் வருகிறது. நம் சபையில் இரண்டு மூன்று இளம் அம்மாக்கள், "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டிலேயே வெச்சுப் படிக்க வைக்கலாமா சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான் வாய் திறந்து ஒழுங்காக ஒரு பதில் சொன்னதில்லை. அவர்களும் படிக்கட்டும் என்று இதை மூடி வைக்காமல் எழுதுகிறேன்.

இன்றைக்கு இந்தப் பொருளியல் தாளை நீ கடைசிவரை எழுதிவிட்டு வந்தால் போதும். மற்ற தாள்களில் தேறிவிட்டாய். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்துவிடும், கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போகலாம். போன தடவை போல நடந்தால் என்ன என்பதையும் உன் அப்பா நேற்றே சொல்லிவிட்டார். "இந்த மட்டமும் ஏதாச்சும் ஆச்சுன்னா எங்க பனியன் கம்பெனிக்கு வந்துரட்டும். செக்கிங்ல நிக்கட்டும்." கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், அதனால்தான் எனக்குப் பயம். போன தடவை பரீட்சை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு பியூன் வெளியே வந்து, "கெசியாங்கற பொண்ணோட அம்மா யாருங்க?" என்று கேட்டார். அதனால் ஒரு வரி எழுதுகிறேன், ஒரு தடவை கேட்டைப் பார்க்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

என் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படியேறியது நான்தான். கணிதம் படித்தேன். படித்தேன் என்று சொல்கிறேனே தவிர, அந்த மூன்று வருடத்தில் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. புரியாதபோது தலையாட்டுவேன். புரிந்தவர்களைவிட நன்றாகத் தலையாட்டுவேன், அதனால் ஆசிரியர்களுக்கு என்னைப் பிடிக்கும். கல்யாணம் ஆகி, தெற்கேயிருந்து பிழைக்க வந்த உன் அப்பா அருள்புரத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடிவந்து, நீ பிறந்து, உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, என்னைப் போல நீ இருக்க மாட்டாய் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ஏனென்றால் நீ தூக்கத்தில்கூடக் கேள்வி கேட்பாய். ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல், உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தாய். "என்ன கண்ணு?" என்றேன். விரலை எடுக்காமலே தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை எனக்கு அடையாளம் தெரிந்தது. அது என்னுடையது.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே மனதில் ஒன்று இருந்திருக்கிறது. தாராபுரம் பக்கத்தில் ஒரு விசுவாசக் குடும்பம் பிள்ளைகளை வீட்டிலேயே ஜெபத்தோடு படிக்கவைக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னிடம் எப்படிச் சொல்வது என்று காத்திருந்தாராம். "நீ படிச்சவ. ஊரான் பிள்ளைக்கு டியூசன் எடுக்கச் சொன்னா எடுப்ப. நம்ம பிள்ளைக்கு எடுக்க என்ன?" என்றார். நான் அப்போது வீட்டில் தைத்து வந்த பனியன் பீஸுகளுக்கு நூல் பிசிறு வெட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே "சரிங்க" என்றேன். என்னால் முடியும் என்று சொன்ன சரி இல்லை அது. அதுவும் ஒரு தலையாட்டல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? ஒரு குழந்தை கற்றுக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் பாக்கியசாலிகள் கெசியா. விதை முளைக்கும்போது மண் லேசாக வெடிக்குமே, அதை நாள் முழுக்கப் பார்ப்பது மாதிரி இருந்தது. உன் அப்பா கம்பெனியில் மிச்சமான லேபிள்களைக் கொண்டுவந்து கொடுப்பார். துவைக்கும் முறை எழுதிய அந்தச் சின்ன லேபிளில் ஏழெட்டு மொழி இருக்கும். "ஒரு சட்டைக்கு எதுக்கும்மா இத்தன பாஷை?" என்றாய். உலகப் படத்தை விரித்து ஒவ்வொரு நாடாகக் காட்டினேன். அன்று மாலை குடும்ப ஜெபத்தில் உன் முறை வந்தது. எப்போதும் போல அப்பா, அம்மா, வயிற்றில் இருக்கிற பாப்பா என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், "ஆண்டவரே, அப்பா வெட்டுன சட்டையப் போடப்போற பிள்ளைக்குப் பேர் தெரியாது. அங்க பனி பெய்யுதாம். இது மெல்லிசுத் துணி. அதுக்குக் குளிராமப் பாத்துக்கோங்க" என்றாய். உன் அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் சட்டை வெட்டியவர் அவர். அதைப் போட்டுக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நினைத்தாராம்.

உன் தமிழும் ஒரு வேடிக்கை. தினமும் காலையில் வேதத்தைச் சத்தமாக வாசித்துத்தான் தமிழ் படித்தாய். நான் அதில்தான் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தேன். விளைவு என்ன ஆயிற்று என்றால், மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய், "அரைக் கிலோ சர்க்கரை தாரும்" என்று கேட்டிருக்கிறாய். தூத்துக்குடிக்காரர், அவர் விடுவாரா? "என்ன தாயி, சீனி கேக்கியா, ஜெபம் பண்ணுதியா? காசு வச்சிருக்கியா, இல்ல பரலோகத்துல வாங்கிக்கவா?" கடையே சிரித்திருக்கிறது. நானாக இருந்தால் அந்தத் தெருவில் அப்புறம் தலை காட்டியிருக்க மாட்டேன். நீ வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாய்.

கணக்கிலும் அப்படித்தான். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டாய். பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியவில்லை. அது விதி என்று மனப்பாடம் செய்தவள் நான். "தெரியலையே கண்ணு" என்றேன். அப்படி ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதே கிடையாது. நீ கொஞ்ச நேரம் என் மடியில் கிடந்த பனியனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு அதை எடுத்து உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாய். "இது மைனஸ்" என்றாய். மறுபடி திருப்பினாய். நல்ல பக்கம் வந்தது. "ரெண்டு தடவ திருப்புனா ஒழுங்காயிருதுல்ல?" எனக்குப் புல்லரித்தது கெசியா. பகலில், பிசிறுக் குவியலுக்கு நடுவில், அந்த விதி எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. அன்று முதல் நம் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்கு உடனே சொல்லிவிட வேண்டும். நான் உனக்கு, நீ தம்பி சாமுக்கு, சாம் எனக்கு. ஒரே மேசை. பக்கத்தில் ஒருவர் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க நாம் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருப்பது மரியாதை இல்லை என்று நீங்கள் இருவரும் வளர்ந்தீர்கள்.

அந்த வழக்கம்தான் உன்னைப் பரீட்சைக் கூடத்தில் மாட்டிவிட்டது. நான் உன்னிடம், "யாரையும் பாத்து எழுதக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அது எப்போது தெரிந்தது என்று அவர்களுக்கே நினைவிருக்காது. கூடத்தில் "பேசாதீங்க" என்று அறிவித்ததை நீ வெட்டிப்பேச்சு என்று எடுத்துக்கொண்டாய். திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிய பத்தாம் வகுப்புப் பரீட்சையில் உன் பக்கத்தில் இருந்தவர் யாரும் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, அதனால் அன்றைக்குப் பிரச்சினை வரவில்லை. இந்தத் தடவை பக்கத்தில் இருந்தது கவிதா. பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பன்னிரண்டு முடித்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாகக் கம்பெனியில் சொன்னதால் பரீட்சை எழுத வந்தவள். திறந்தநிலைப் பள்ளிக் கேள்வித்தாள் இங்கிலீஷில்தான் இருந்தது. "ஏன் கண்ணு, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமுங்க?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். நீ அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "வெங்காய விலை ஏறுனா நீங்க கம்மியா வாங்குவீங்கல்லக்கா, அதத்தான் கேக்கறாங்க" என்று விளக்க ஆரம்பித்துவிட்டாய்.

பியூன் கூப்பிட்டு நான் உள்ளே போனபோது, தலைமைக் கண்காணிப்பாளர் மேசைக்கு முன்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். கவிதா சுவரோடு ஒட்டி, நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைய, காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வாங்கம்மா. பரீட்சை ஹால்ல டியூசன் எடுக்குதுங்க உங்க பொண்ணு" என்றார் அவர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெரிசு பண்ண வேண்டாமுங்க. அந்தம்மா எட்டிப் பாத்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உங்க பொண்ணு நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போய் எழுதட்டும். சின்னப் பொண்ணு, ஒரு வருசம் வீணாகக் கூடாது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கவிதாவும் தலையை நிமிர்த்தாமல், "ஆமாங்க சார். நான்தான் கேட்டனுங்க. கண்ணு போய் எழுதட்டும். என்னோடது போனாப் போகுதுங்க" என்றாள்.

நீ சொன்னாய்: "அவங்க எட்டிப் பாக்கலீங்க சார். புரியலன்னு கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன். பதில் சொல்லல."

"அது தப்பும்மா."

"எது தப்புங்க? சொன்னதா, சத்தமாச் சொன்னதா?"

"ரெண்டும்!"

நீ என் பக்கம் திரும்பினாய். "அம்மா, பரீட்சையில தெரியாதவங்களுக்குச் சொல்லக் கூடாதா?" அந்தக் கேள்வியில் துளி விளையாட்டு இல்லை. 'எழுதிக் குடுத்துடு கண்ணு' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கல்லூரி, கோயம்புத்தூர், நாம் இத்தனை வருடம் மேசையில் உட்கார்ந்தது எல்லாம் அந்த நாலு வரியில் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லக் கூடாது என்ற முடிவு என்னுடையது இல்லை. உன் முகம் சொல்ல விடவில்லை. அதிகாரி ஒருவரிடம் நான் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. "சொல்லக் கூடாது கண்ணு. அது இங்க சட்டம்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவரிடம், "அதை நான் சொல்லித் தரலைங்க சார். புள்ளைய வீட்டுல வெச்சே படிக்க வெச்சனுங்க" என்றேன்.

"பரீட்சைன்னா என்னன்னு சொல்லித் தராம வேற என்னத்தைத்தாம்மா சொல்லித் தந்தீங்க?" என்றார். நீ காகிதத்தை வாங்கி நின்றுகொண்டே எழுதினாய். அவர் வாங்கிப் படித்தார். "'அவள் கேட்டபோது நான் அவளுக்கு அதை விளங்கப்பண்ணினேன்'... என்னம்மா இது, கோர்ட்டுத் தமிழா?"

"எங்க வீட்டுத் தமிழ்ங்க சார்" என்றாய்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சட்டப்படி எதைக் குறைவாகச் செய்ய முடியுமோ அதைச் செய்தார். உங்கள் இருவரின் பொருளியல் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார். மற்ற தாள்களை எழுத விட்டார். பொய் எழுதியிருந்தால் ஒருத்தி தப்பித்திருப்பாள். உண்மை எழுதியதில், ஒரே குடைக்குள் நின்ற மாதிரி இரண்டு பேரும் பாதி நனைந்தீர்கள்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாய். நீ ஒன்றும் கல் இல்லை என்று எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. வீரபாண்டிப் பிரிவு தாண்டியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த அக்காவும் திரும்ப எழுதணும்லம்மா? அவங்களுக்கு யாரு சொல்லிக்குடுப்பாங்க?" என்றாய். கேட்டிலேயே அவள் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

சபையில் செய்தி பரவியது. "கூட்டத்துல விடாம வளத்தா இப்பிடித்தான் சிஸ்டர். நாலு பேரோட பழகியிருந்தா நெளிவு சுளிவு தெரிஞ்சிருக்கும்" என்று ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தப்பாகவும் சொல்லவில்லை. உன் அப்பாதான் உடைந்துபோனார். வீட்டுப் படிப்புக்கு முன்னால் நின்றவர் அவர்தானே. "நாலு வரிதானே தாயி" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அன்று மாலை ஜெபத்தில் அவருக்கு வாய் வரவில்லை. "நீ பண்ணுளா" என்று உன்னிடம் விட்டார். நீ கவிதாவுக்காகவும் அந்த சாருக்காகவும் ஜெபித்துவிட்டு, அதே மூச்சில், "அப்பா கோவமா இருக்காங்க ஆண்டவரே, நியாயந்தான், அதையும் நீங்களே பாத்துக்கோங்க" என்றாய். சாம் சிரித்துவிட்டான். உன் அப்பா சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. "ஆமென் சொல்லித் தொலைங்கல" என்றார்.

ஞாயிறு மதியங்களில், நாம் ஆராதனை முடிந்து வந்த பிறகு, கவிதா நம் மேசைக்கு வர ஆரம்பித்தாள். அவள் மடியில் சின்னது தூங்கும், நீ தேவை, அளிப்பு என்று கோடு போட்டுக்கொண்டிருப்பாய். சந்தையில் தக்காளி விலையிலிருந்து நூல் விலைவரை அவளுக்குத் தெரியாதது கிடையாது. நீ சொல்லும் பெயர்கள்தான் அவளுக்குப் புதிது. "நான் மட்டும் பாஸாயிட்டனா, எங்க முருகனுக்கு ஒண்ணு, உங்க சாமிக்கு ஒண்ணுன்னு தேங்கா உடைக்கறனுங்க்கா" என்பாள் என்னிடம். "எங்க சாமிக்கு உடைக்க வேண்டாம்க்கா, முழுசாக் குடுங்க, சட்னிக்கு ஆகும்" என்பாய் நீ. நான் அடுப்படியில் நின்றுகொண்டு உங்கள் இருவரையும் பார்ப்பேன். அந்தக் கண்காணிப்பாளர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மேசைமேல்தான் இருந்தது. ஆனால் அதை நான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நான் உன்னைத் தடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். உன்னை எனக்குக் கொடுத்தவரிடம் நான் கேட்டதெல்லாம் ஒரு சாதாரணக் குழந்தை. எனக்குப் பயத்தோடுகூடிய ஒரு வியப்பு உன்மேல் எப்போதும் இருந்துவந்திருக்கிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது வருமே, அது.

கல்லூரிக்குப் போகப்போகிற உனக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். அங்கே தலையாட்டுகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். கடைசிக்கு முந்தின பெஞ்சில், துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, எல்லாம் புரிந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கேலி செய்யாதே, அவர்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்களாக இருப்பார்கள். உனக்குப் புரிந்திருந்தாலும் அவர்களுக்காகவும் ஒரு கேள்வி எழுந்து கேள். நம் விசுவாசத்தைப் பற்றி உன்னைக் கேட்பார்கள், நாம் வீட்டில் கேட்டுக்கொள்ளாததையெல்லாம் கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல். உன் அப்பா கொஞ்சம் வருத்தப்படுவார். ஆண்டவர் வருத்தப்பட மாட்டார் என்று நினைக்கிறேன். நெளிவு சுளிவு கற்றுக்கொள், தப்பில்லை. ஆனால் நாலு வரி எழுதிக் கொடுத்தால் தப்பித்துவிடலாம் என்று யாராவது நல்ல மனதோடு சொல்லும்போது, என்னைக் கேட்ட மாதிரி யாரையாவது ஒரு தடவை கேட்டுவிடு. அந்த ஒரு கேள்விக்கு முன்னால் பெரியவர்கள் நாங்களும் கொஞ்சம் திகைத்துப்போவோம்.

இன்று காலை கேட்டில் அதே சார்தான் நின்றார். உன்னையும் கவிதாவையும் சேர்த்துப் பார்த்ததும், "அட, ரெண்டு பேரும் ஜோடியா வந்துட்டீங்களா? பாப்பா, இன்னிக்காவது வாயைத் திறக்காம எழுதுவியா?" என்றார். "மூணு மணி நேரந்தானுங்களே சார்" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே உங்களை வேறு வேறு அறைக்கு அனுப்பினார். நான் சாலையைத் தாண்டி இந்த நாற்காலிக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு வாய் மூடியிருப்பது மூன்று மணி நேரத்துக்கான சட்டம். மணி அடித்ததும் முடிந்துபோகிற ஒன்று. எனக்கு அப்படி ஒரு மணி அடிக்கும் என்றே தெரியாமல் இருந்துவிட்டேன்.

பன் அப்படியே இருக்கிறது. கேட் திறக்கவில்லை. ஒரு தடவை பியூன் வெளியே வந்தார். என் உயிர் போய் வந்தது. அவர் டீ வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பேக்கரிக்காரர், "பொண்ணு பரீச்ச எழுதுதுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றதோடு நான் எப்போதும் நிறுத்தியிருப்பேன். இன்றைக்கு என்ன பரீட்சை, எந்தக் கல்லூரி, நீ யார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாவம், கல்லாவில் ஆள் காத்துக்கொண்டிருந்தது.

மணி அடித்துவிட்டது. கேட் இன்னும் திறக்கவில்லை. பெஞ்சுகள் நகரும் சத்தம், செருப்புச் சத்தம். கெசியா, நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை, ஆனால் அந்தச் சுவருக்குள்ளிருந்து, எல்லோர் குரலுக்கும் மேலே, "கவிதாக்கா, நாலாவது கேள்விக்கு என்ன எழுதுனீங்க?" என்று உன் குரல் கேட்கிறது.

அம்மா